மன்கட்: ஒரு பெயர் பட்ட பாடு

மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு ஏமாற்று ஆட்டத்தைச் சொல்ல ஒரே சொல் போதும்: போங்கு. பந்து ஸ்டம்பில் பட்ட பிறகும் நகராமல் நின்றால் போங்கு. ஸ்கோரில் இரண்டு ரன் கூட்டிச் சொன்னாலும் போங்கு. வேறு ஊர்களில் இதே குற்றம் அழுகுணி ஆட்டம், கள்ளாட்டம் என்று வழங்கும். யாழ்ப்பாணத்தில் அளாப்புவது என்பார்கள். அழுகுணி அழுகையிலிருந்து வந்தது, கள்ளாட்டம் களவிலிருந்து. எதிலும் ஆள் பெயர் இல்லை. யார் செய்தாலும் ஒட்டும், அடுத்த ஓவரில் உதிர்ந்தும் போகும்.

அந்தத் திடல்களுக்கு இப்போது இன்னொரு சொல்லும் வந்துவிட்டது. "மங்கட் பண்ணிட்டான்டா!" பந்து வீச வருபவர் பந்தை விடாமல் நிறுத்தி, எதிர் முனையில் முன்கூட்டியே கோட்டைத் தாண்டிவிட்ட ரன்னரின் ஸ்டம்பைத் தட்டிவிடுவது மங்கட். இதைத் தொலைக்காட்சி வழியே தெருவரை கொண்டுவந்தவர் மேற்கு மாம்பலத்து அஸ்வின். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில், 69 ரன்னோடு நின்ற ஜோஸ் பட்லரை அவர் அப்படித்தான் வெளியேற்றினார். அவருடைய பஞ்சாப் அணி 14 ரன்னில் வென்றது. அன்றிரவே உலகம் இரண்டு கட்சியானது. சண்டை எல்லாம் அஸ்வினைப் பற்றி. வசவுக்குப் பயன்பட்ட பெயர் மட்டும் எப்போதோ மறைந்த வேறொருவருடையது.

அவர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட், 1917இல் ஜாம்நகரில் பிறந்தவர். 'வினூ' என்பது செல்லப்பெயர். குஜராத்தியில் குடும்பப் பெயரின் முதல் உயிர் நெடில். 'மாங்கட்' என்று எழுதினால் மூல ஒலிக்கு அருகே வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் நெடில் தொலைந்தது. அதைப் பார்த்து எழுதிய நம் பத்திரிகைகள் 'மன்கட்' என்றன. பையன்கள் அதை 'மங்கட்' ஆக்கினார்கள். அச்சில் இருப்பதைவிடத் திடலில் இருப்பதுதான் குஜராத்திக்கு நெருக்கம் என்பது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

பெயர் வசவான கதை 1947இல் தொடங்குகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் வெளிநாட்டுப் பயணம். லாலா அமர்நாத் தலைமையில் அணி ஆஸ்திரேலியா போயிருந்தது. பில் பிரௌன் என்ற ஆஸ்திரேலியத் தொடக்க ஆட்டக்காரருக்குப் பந்து கையை விட்டுப் போகுமுன்பே நடக்கத் தொடங்கும் பழக்கம். நவம்பரில் சிட்னியில் நடந்த பயண ஆட்டம் ஒன்றில் மன்கட் அவரை முதலில் எச்சரித்தார், கேட்கவில்லை, ரன் அவுட் ஆக்கினார். டிசம்பர் 13 அன்று அதே சிட்னியில் இரண்டாவது டெஸ்ட். பிரௌன் மறுபடி நகர்ந்தார். இந்த முறை எச்சரிக்கை இல்லை. பிரௌன் 18 ரன்னில் வெளியேறினார். உள்ளூர்ப் பத்திரிகைகள் சில மன்கட்டின் கண்ணியத்தைக் கேள்வி கேட்டன. எதிரணித் தலைவர் டான் பிராட்மன் கேட்கவில்லை. பின்னாளில் எழுதிய தன் நூலில் அவர் மன்கட் பக்கமே நின்றார்: ரன்னர் முன்னே நகர்வதுதான் நியாயமில்லாத ஆதாயம், விதி இருப்பதே அதைத் தடுக்க என்பது அவர் வாதம்.

இந்த வகை ரன் அவுட் மன்கட் கண்டுபிடித்ததும் அல்ல. 1835லேயே இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் செய்திருக்கிறார். 'பார்க்கர்' வினைச்சொல் ஆகவில்லை. கூக்ளி பந்தை உருவாக்கிய பொசன்கெட்டுக்கு ஆஸ்திரேலியர்கள் 'போஸி' என்று திறமைச் சொல் ஒன்றைத் தந்தார்கள். மன்கட்டுக்குக் கிடைத்தது பழிச்சொல். நமக்கு இது புதிதல்ல. எட்டயபுரம் அரச மரபில் தலைமுறை தலைமுறையாக வழங்கிய பட்டப்பெயர் எட்டப்பன், இன்று துரோகி என்பதற்கு மறுபெயர். சுப்பையாவுக்குப் 'பாரதி' பட்டம் கிடைத்த ஊர் எட்டயபுரம் என்பது அந்த வசவைச் சொல்லும்போது யாருக்கு நினைவுக்கு வருகிறது?

சென்னைக்காரர்கள் மன்கட் பெயரை இப்படிக் கையாள்வதில் எனக்கு ஒரு கூடுதல் வருத்தம் உண்டு. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில், 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக. முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 53க்கு 4 என்று அதை வென்றுகொடுத்த சுழல் மன்கட்டுடையது. 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்றைய நேரு விளையாட்டரங்கில், நியூசிலாந்துக்கு எதிராக அவரும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. மன்கட் தனியே அடித்த 231ஐ இந்தியர் யாரும் 1983 வரை தாண்டவில்லை. தாண்டிய கவாஸ்கரும் சேப்பாக்கத்தில்தான் தாண்டினார். அதே கவாஸ்கர்தான் இந்தச் சொல்லைக் கைவிடச் சொல்லி வாதாடியவர். தப்பு செய்தவர் பிரௌன், அவர் பெயரை வையுங்களேன் என்பது அவர் கேள்வி. நியாயம்தான். ஆனால் கோபமே காட்டாமல் போன பிரௌனை இன்னொரு எட்டப்பன் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

பாராட்டும் பழியும் எப்படிப் பங்கிடப்பட்டன என்று பார்த்தால் சொல்லின் சரித்திரம் இன்னும் தெளிவாகும். 1987 உலகக் கோப்பை, லாகூர். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு இரண்டு ரன் வேண்டும். ரன்னர் சலீம் ஜாஃபர் கோட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ் ஓடிவந்து நின்றார், ஸ்டம்பைத் தட்டவில்லை, திருப்பி அனுப்பினார். ஆட்டம் போனது, அரையிறுதி வாய்ப்பும் போனது. பரிசாக அவருக்குக் கையால் நெய்த கம்பளம் வந்தது. தோனிக்கும் அப்படித்தான்: 2011இல் நாட்டிங்காமில், தேநீர் இடைவேளை வந்துவிட்டதாக நினைத்து நடந்து ரன் அவுட் ஆன இயன் பெல்லைத் திரும்ப அழைத்தார். ஐசிசி அந்த ஆண்டின் ஆட்டப் பண்பு விருதைக் கொடுத்தது. 2020இல் அதே செயலுக்குப் பத்தாண்டின் விருதும் வந்தது. இரண்டும் அழகான செயல்கள், ஐயமில்லை. ஆனால் பெல் ஏமாந்து நின்றவர், பிரௌன் ஆதாயம் தேடி நகர்ந்தவர். விட்டுக்கொடுத்தவருக்கு விருது தரலாம். விட்டுக்கொடுக்காதவர் விதிப்படி ஆடினார் என்பதை அந்த விருது அழித்துவிடக் கூடாது. அஸ்வினின் அணியே 2012இல் விட்டுக்கொடுத்தது உண்டு. பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேவை அவர் மங்கட் முறையில் அவுட் ஆக்கினார். அன்று தலைவராக இருந்த சேவாக் முறையீட்டைத் திரும்பப் பெற்றார்.

விதிப் புத்தகம் மெல்ல வழிக்கு வந்தது. எம்சிசி வகுத்த விதிகளில் மன்கட் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் இந்தச் செயல் இருந்த இடம் 41ஆம் விதி, நேர்மையற்ற ஆட்டத்தைப் பற்றியது. 2022 அக்டோபர் 1 முதல் அது 38ஆம் விதிக்கு, வெறும் ரன் அவுட்டுக்கு மாறியது. அதற்கு ஒரே வாரம் முன்பு, செப்டம்பர் 24 அன்று, லார்ட்ஸில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இப்படி வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம் அது. கண்டனமும் ஆதரவும் பழையபடியே வரிசை கட்டின.

பிசிசிஐ நடத்தும் 19 வயதுக்குட்பட்டோர் ஒருநாள் போட்டித் தொடரின் பெயர் வினூ மன்கட் கோப்பை. தமிழ்நாட்டு அணியும் அதில் ஆடுகிறது. டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்குப் போய், மாவட்ட அணியில் தேறி, மாநிலத் தேர்வு வரை எட்டும் மீஞ்சூர்ப் பையன் ஒருவன் தன் விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருக்கும் சொல் இதேதான்.