ரிஷ்லியூவும் நெப்போலியனும்: எஞ்சியவை எவை?

பிரெஞ்சு அரசை உருவாக்கியவர்களாக இருவரை அருகருகே நிறுத்துவது வரலாற்று வகுப்பறைகளின் பழைய வழக்கம். ஒருவர், 1624 முதல் 1642 வரை பதின்மூன்றாம் லூயியின் முதலமைச்சராக இருந்த கார்தினால் ரிஷ்லியூ. மற்றவர், 1799இல் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் நெப்போலியன். அமைச்சர் நிறுவனங்களை விட்டுச்சென்றார், படைத்தலைவர் வெற்றிகளை விட்டுச்சென்றார் என்பதோடு அவ்வொப்பீடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சான்றுகள் அதற்கு இடந்தருவதில்லை.

வெற்றிகள் எஞ்சவேயில்லை. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கை பிரான்சை ஏறத்தாழ 1790இன் எல்லைகளுக்கே திருப்பிவிட்டது. நிலைத்தவை 1800இல் மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்ட பிரிஃபெக்ட் பதவியும் 1804இன் குடிமைச் சட்டத் தொகுப்புமே. முன்னதற்கும் ரிஷ்லியூ வலுப்படுத்திய அரச ஆணையாளர் முறைக்கும் உள்ள உறவு வெளிப்படை. மையப்படுத்தப்பட்ட நிர்வாகம் புரட்சியின் படைப்பன்று, முடியாட்சியின் மரபுரிமை என்று தொக்வில் 1856இலேயே வாதிட்டார்.

மொழி வரலாற்றில் நிலைமை இன்னும் சிக்கலானது. ரிஷ்லியூ 1635இல் நிறுவிய பிரெஞ்சு அகாதெமி தன் முதல் அகராதியை வெளியிட 1694 வரை ஆயிற்று. இலக்கண நூலுக்கோ 1932 வரை! அது மொழியைச் செப்பனிட்டதே தவிரப் பரப்பவில்லை. 1794இல் மதகுரு கிரெகுவார் புரட்சி மன்றத்தில் அளித்த அறிக்கையின்படி, நாட்டில் குறைந்தது 60 லட்சம் பேர் பிரெஞ்சு அறியாதவர்கள். அதற்கு முந்தைய ஆண்டே அகாதெமி கலைக்கப்பட்டிருந்தது. 1803இல் பிரெஞ்சு மொழிக்கும் இலக்கியத்திற்கும் தனிப்பிரிவு அமைத்து அதற்கு மறுவாழ்வு தந்தது நெப்போலியனின் ஆட்சி. கோர்சிகத் தீவில் பிறந்து, ஒன்பது வயதுக்குப் பிறகே பிரெஞ்சைக் கற்றவர் அவர்.

சட்டத் தொகுப்பை எழுதியவர்கள் நான்கு சட்ட வல்லுநர்கள். போர்த்தலீஸ் அவர்களுள் முதன்மையானவர். எனினும் விவாதங்கள் பலவற்றுக்கு நெப்போலியனே தலைமை வகித்தார். சட்டத்தின்முன் சமத்துவத்தைப் போற்றிய அத்தொகுப்பு மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படியச் செய்தது. அக்கடமை 1938 வரை நீங்கவில்லை. 1802இல் குடியேற்றங்களில் அடிமைமுறையைத் தொடரச் சட்டம் இயற்றியதும் இதே ஆட்சிதான். இவ்விரண்டையும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டு அவருடைய மரபை மதிப்பிடுவது நேர்மையாகாது.

புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ்த் தம் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்தோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்களின் திருமணத்தையும் சொத்துரிமையையும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமே இன்றும் ஆள்கிறது.