வீழ்ந்தெழுந்த வீரன்

வீரன் வெல்ல வேண்டும் என்பது கதை கேட்போரின் பழைய வேட்கை. அமெரிக்க மேற்கெல்லைக் கதைகள் அவ்வேட்கையை நிறைவேற்றியே புகழடைந்தன. அங்கே துப்பாக்கியை விரைந்து உருவுகின்றவன் கதைத்தலைவன். மண்ணில் வீழ்கின்றவன் கொடியவன். இம்மரபை முதல் நாளிலேயே மீறிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றுண்டு. 'கன்ஸ்மோக்' என்பது அதன் பெயர்.

அது வானொலியிற் பிறந்த தொடர். 1952ஆம் ஆண்டில் நோர்மன் மக்டொனல், ஜோன் மெஸ்ரன் என்னும் இருவர் வளர்ந்தோருக்கென அதனை ஆக்கினர். 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது, புகழ்வாய்ந்த நடிகர் ஜோன் வேய்ன் தோன்றி அதனை அறிமுகஞ் செய்தார்.

கதைக்களம் கன்சாஸ் மாநிலத்து டொட்ஜ் நகரம். அங்கே சட்டங் காக்கும் மற் டில்லன், டான் கிராற் என்னும் கொலைஞனை எதிர்கொள்கின்றான். கிராற் சுடுகின்றான், வீழ்கின்றவனோ டில்லன்! மருத்துவர் உயிரைக் காக்கின்றார். தேறிவரும் காலத்தில் டில்லனுக்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. கிராற் எப்போதும் எதிரியை மிக நெருங்கி நின்றே சுடுகின்றான். ஏன்? அவனிடம் விரைவுண்டு, குறி தவறாமை இல்லை. மறுமுறை டில்லன் அவனை அண்டவிடாது, தொலைவில் நின்று சுட்டு வெல்கின்றான்.

வீரனுக்கும் குருதி சிந்தும். வெற்றியைத் தருவது கைவிரைவன்று, சிந்தனையே. இஃது இக்கதையிலுள்ள மெய்ம்மை. ஆயினும் வழக்கினை முடிவுசெய்வது தெருநடுவே நிகழும் துப்பாக்கிப் போர் என்பது கற்பனையின் இனிமையே.

வரலாறு கூறுவது வேறு. 1872ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை டொட்ஜ் நகரை அடைந்தது. பின்னர் ரெக்சாசிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாட்டுமந்தைகள் அங்கே குவிந்தன. மந்தையோடு வந்த இளைஞர் கூலியும் மதுவும் பெற்ற இடத்திற் கலகம் விளைவது இயல்பு. ஆனால் நகரத்தார் செய்ததென்ன? நகரினுள் துப்பாக்கி ஏந்துதலைத் தடைசெய்து, அறிவிப்புப் பலகையும் நாட்டினர். 1870 முதல் 1885 வரை டொட்ஜ் உள்ளிட்ட ஐந்து மாட்டுச்சந்தை நகரங்களில் நிகழ்ந்த கொலைகள் 45 என வரலாற்றாசிரியர் றொபேட் டைக்ஸ்ரா கணக்கிட்டார். தொலைக்காட்சியிலோ ஒரு நகரத்திலேயே வாரந்தோறும் துப்பாக்கி முழங்கிற்று!

அத்தொடர் 1975 வரை இருபது ஆண்டுகள் நீடித்தது. அதன் முதற்கதையை நாம் இகழவேண்டியதில்லை. வீரனை வீழ்த்திக் காட்டும் துணிவு அதற்கிருந்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. மெய்யான டொட்ஜ் நகரில் அமைதியை நிலைநாட்ட முயன்றோர் துப்பாக்கியை உருவும் விரைவை மட்டும் நம்பவில்லை. அதனைக் கழற்றி வைக்கச் செய்யும் சட்டத்தையும் நாடினர். அந்த வீரம் கதைக்குச் சுவை குறைந்ததாயினும், ஊர் வாழ்வதற்கு அதுவே வேண்டியது.