ஒற்றைக் கோலும் வெந்நீர் ஊற்றும்

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும், வடதேசங்களில் வீட்டுக் கூரையை முறித்துத் தள்ளும் வெண்ணிறச் சுமையையும் தமிழில் பனி என்ற ஒரே சொல் குறித்துவிடுவதால், ஜப்பானின் மேற்குக் கரைப் பிரதேசத்தைப் பற்றி எழுதப் புகுகிறவன் அச்சொல்லின் மென்மையை முதலில் வாசகர் மனத்திலிருந்து அகற்ற வேண்டியிருக்கிறது. சைபீரியப் பெருவெளியில் பிறந்து வரும் வறண்ட குளிர்காற்று, தெற்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் கதகதப்புற்ற ஜப்பான் கடலைக் கடக்கையில் நிறைய ஈரத்தை உண்டு, ஹொன்ஷு தீவின் முதுகெலும்பாகிய மலைத்தொடரில் மோதி மேலெழும்போது, உண்டதையெல்லாம் வெண்பனியாகக் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி டோக்கியோவை அடையும்போது அதே காற்று தெளிந்த நீலவானத்தையே கொண்டுவருகிறது. நீகாட்டா பிரதேசத்தில் தக்காடா என்னும் ஊரில் 1945 பிப்ரவரியில் தரைமேல் கிடந்த பனியின் ஆழம் 377 சென்டிமீட்டர், அதாவது பன்னிரண்டு அடிக்கும் மேல். பூர்வகாலத்தில் அவ்வூரைத் தேடி வந்தவர்களுக்கு வழி தெரிவதற்காக, 'இதன் அடியில் தக்காடா இருக்கிறது' என்று பனியின்மேல் ஒரு பலகை நட்டிருந்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையாயினும், அவ்வூரின் கடைவீதிகளில் இன்றும் வீட்டுக்கு வீடு தாழ்வாரத்தை நீட்டி மைல் கணக்கில் அமைத்திருக்கும் கூரை வேய்ந்த நடைபாதையைக் காண்கிறவர்கள், அந்தப் பலகையை எளிதில் நம்பிவிடுவார்கள்.

குளிர்காலப் பிரயாணத்துக்கு ஜப்பானைத் தேர்ந்து, எந்தப் பனிச்சறுக்குத் தலத்துக்குப் போகலாம் என்று யோசிக்கிறவர்கள், சரிவின் நீளம், பனியின் தன்மை, விடுதியின் வாடகை, ரயில் நிலையத்தின் தூரம் ஆகியவற்றையே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவை அவசியமானவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அத்தலங்களின் சரித்திரத்தை அறிந்தவனுக்கு, ஒவ்வொரு மலைச்சரிவும் ஒரு காலத்தின் தேவையாலோ ஆசையாலோ திறக்கப்பட்டது என்பதும், ஆகையால் மலையைத் தேர்கிறவன் ஒரு காலத்தையும் சேர்த்தே தேர்ந்துகொள்கிறான் என்பதும் புலப்படும்.

பனி விளையாட்டுக்கு உரியது என்னும் எண்ணம் அந்தப் பிரதேசத்து ஜனங்களுக்கு நெடுங்காலம் தோன்றியதேயில்லை. ஷியோசாவா என்னும் ஊரில் துணி வியாபாரம் செய்துவந்த சுசுகி பொகுஷி என்பவர், பல பத்தாண்டுகள் முயன்று, 1837-ல் 'ஹொக்குயெத்சு செப்பு' என்ற நூலை, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் அச்சேற்றினார். பனி விழுவதை ரசிக்கும் நகரவாசிகளுக்கு, பனியின் கீழ் வாழ்வது எத்தகைய சிரமம் என்பதை உணர்த்துவதே அந்நூலின் நோக்கம். கூரை முறியாமலிருக்க மீண்டும் மீண்டும் ஏறிப் பனியை வாரித் தள்ளுவது, வைக்கோலால் பின்னிய காலணியின் கீழ் வளைந்த மரவளையத்தைக் கட்டிக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடப்பது, பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடுவது என்று அவர் விவரிக்கும் காரியங்களில் களிப்புக்கு அதிக இடமில்லை. அந்த ஜனங்களுக்குப் பனி செய்த உபகாரம் ஒன்று உண்டு. மாதர்கள் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அமர்ந்து நெய்த, அப்பிரதேசத்தின் பழம்பெயரால் எச்சிகோ எனப்பட்ட சணல் துணியை, வசந்தம் தொடங்கும் நாட்களில் பனிவெளியின்மேல் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள். ஆடவர்களோ, வயல்கள் புதைந்துபோன மாதங்களில் தூரதேசத்துச் சாராயச் சாலைகளுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். குளிர்காலம் என்றால் தகப்பன் இல்லாத வீடு என்பதே பல கிராமங்களில் குழந்தைகள் கண்ட அனுபவம்.

பனியின் கொடுமையைத் தேசம் முழுவதும் உணர்ந்தது 1902 ஜனவரியில். ருஷ்யாவுடன் யுத்தம் மூளக்கூடும் என்று கருதி, குளிர்காலப் பயிற்சிக்காக ஹக்கோடா மலைக்குப் புறப்பட்ட அவொமோரிப் படையினர் 210 பேரில், பனிப்புயலில் வழி தவறி 199 பேர் மாண்டனர். எதிரியின் குண்டு ஒன்றுகூடப் படாமல் நிகழ்ந்த அந்தப் பேரிழப்பு, பனியில் நடமாடும் வித்தையை ராணுவத்தார் கற்றாக வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது என்பது இயல்பே. ஜப்பானியப் படையின் முறைகளைக் கற்றுப்போக 1910-ல் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்திலிருந்து வந்த மேஜர் தியோடோர் ஃபான் லெர்ஹ், பனிச்சறுக்கில் வல்லவர். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அக்கலைக்கு ஒரு முறை வகுத்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கியிடம் பயின்றவர். தக்காடாவில் தங்கியிருந்த பதின்மூன்றாம் படைப்பிரிவின் தளபதி நாகவோக்கா கைஷி, பறவை சிறகு விரித்தாற்போன்ற நீண்ட மீசைக்காகவும் பிற்காலத்தில் ஆகாய விமானத்தின்மேல் கொண்ட ஆர்வத்துக்காகவும் பிரசித்தி பெற்றவர். புதியது எதையும் தயங்காமல் வரவேற்கும் சுபாவம் படைத்த அவர், கற்க வந்த விருந்தாளியையே ஆசிரியராக்கிக்கொண்டார்.

1911 ஜனவரி 12-ஆம் தேதி, தக்காடாவையடுத்த கனாயா மலையடிவாரத்தில், காலாட்படை உத்தியோகஸ்தர்கள் சிலர் மரச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்தார்ஸ்கியின் முறையில் இரண்டு கோல்கள் கிடையா. படகோட்டியின் துடுப்பைப்போல நீண்ட ஒற்றைக் கோலை இரு கைகளாலும் பற்றி, அதைப் பக்கவாட்டில் ஊன்றியே வேகத்தை அடக்கி, செங்குத்தான சரிவிலும் விழாமல் இறங்க வேண்டும். முதற் கட்டளை பிரெஞ்சு மொழியில் பிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆஸ்திரியர் ஒருவர், பிரெஞ்சுச் சொல்லால், ஜப்பானியருக்கு ஒரு கலையைக் கற்பித்த அந்தக் காலைப் பொழுதை, ஜப்பானியர் பனிச்சறுக்கு தினமாகக் கருதி வருகிறார்கள். நியாயத்தை எண்ணினால், சப்போரோவில் மொழி ஆசிரியராயிருந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் கோலர் 1908-லேயே சறுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து மாணவர்களுக்குக் காட்டிவிட்டார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் காட்டுவது வேறு, கற்பிப்பது வேறு. ஓர் ஊரே கற்றுக்கொண்டது தக்காடாவில்தான். நாகவோக்கா அக்கலையை ராணுவத்துக்குள் பூட்டி வைக்காமல் ஊர்ஜனங்களுக்கும் திறந்துவிட்டதை அவருடைய பெருமைகளுள் முதன்மையானதாக நான் மதிக்கிறேன். லெர்ஹ் மறுவருஷம் ஹொக்கைடோ தீவில் அசஹிகாவாவுக்கு மாற்றலாகி, 1912 ஏப்ரலில், ஃபுஜி மலையையொத்த உருவமுடைய யோதேய் எரிமலைமேல் சறுக்குக் கட்டைகளோடு ஏறினார்.

படை கற்றுத் தந்த வித்தையைப் பேணி வளர்த்தவர்கள் வெந்நீர் ஊற்றுக் கிராமத்தார். மலைகளில் ஏற்கெனவே விடுதிகளும், கோடையில் நோய் தீர நீராட வருகிறவர்களை உபசரித்துப் பழகிய குடும்பங்களும் இருந்தபடியால், பனிக்காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த அறைகளுக்குப் புதிய விருந்தாளிகளை வரவழைப்பதற்கு அவர்களுக்குச் சறுக்குக் கட்டை ஒன்றே குறையாயிருந்தது. அகாகுரா, ஸாவோ முதலிய ஊர்கள் இவ்விதமே பெயர் பெற்றன. அவற்றுள் நாகானோ பிரதேசத்து நொசாவா கிராமத்தார் 1923-ல் தாமே ஒரு பனிச்சறுக்குச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1930-ல் ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியிலிருந்து வந்த ஹன்னெஸ் ஷ்னைடர், இரண்டு கோல்களோடு தாழக் குனிந்து மின்னலெனத் திரும்பும் தம் முறையை நிகழ்த்திக் காட்டிய ஊர்களுள் நொசாவாவும் ஒன்று. அவர் பனிச்சறுக்குப் பள்ளி நடத்திய ஸாங்க்ட் அன்டோனும் நொசாவாவும் பிற்காலத்தில் சகோதரக் கிராமங்களாயின. நாகானோவின் மற்றொரு பகுதியில், இன்று ஹகுபா எனப்படும் பள்ளத்தாக்கிலுள்ள ஹொசோனோ என்ற சிற்றூரில், கோடையில் மலையேறுவோருக்கு வழிகாட்டிகளாயிருந்த குடியானவர்கள் தங்கள் வீட்டு அறைகளையே சறுக்க வந்தவர்களுக்கும் வாடகைக்கு விட்டுவந்தார்கள். 1937-ல் அதற்குச் சர்க்கார் அனுமதியும் கிடைத்தது. மின்ஷுக்கு எனப்படும் குடும்ப விடுதி அங்கேதான் பிறந்தது என்கிறார்கள். குளிர்காலத்தில் தகப்பன் வீட்டிலிருக்கும்படி செய்தது அந்த வாடகைப் பணம்.

இதற்கிடையில் ரயில் பாதை மலையைத் துளைத்தது. 1931-ல் திறக்கப்பட்ட, ஒன்பதரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஷிமிசு சுரங்கம், டோக்கியோவையும் நீகாட்டாவையும் நேராக இணைத்து, சுற்றிப்போகும் நெடும் பிரயாணத்தை வெகுவாகக் குறைத்தது. அச்சுரங்கத்தின் மறுபுறத்தில் இருந்த யுசாவா ஊற்று விடுதியில் தங்கித்தான் யசுனாரி கவபாட்டா தம் 'பனிநாடு' நாவலை எழுதத் தொடங்கினார். அந்நாவலைப் படித்த நகரவாசிகளுக்கு, பொகுஷி சொன்ன சுமை மீண்டும் அழகாகத் தோன்றிற்று. அயல்நாட்டுப் பிரயாணிகளை வரவழைக்க எண்ணிய சர்க்கார், ஷிகா கோகென், அகாகுரா முதலிய இடங்களில் 1937-ல் மேனாட்டு முறையில் ஹோட்டல்கள் எழுவதற்குத் துணைநின்றது. 1940-க்கு என்று சப்போரோ பெற்றிருந்த குளிர்கால ஒலிம்பிக்கோ, சீனாவுடன் மூண்ட யுத்தத்தின் காரணமாகக் கைவிடப்பட்டது. ஷிகா கோகென் சரிவுகளில் பயின்ற சிஹாரு இகாயா 1956-ல் இத்தாலியின் கோர்ட்டினாவில் வெள்ளிப் பதக்கம் பெற்று, குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு முதற் பதக்கத்தைக் கொண்டுவந்தார். 1972-ல் சப்போரோ ஒலிம்பிக் நடந்தபோது, எழுபது மீட்டர் பனித்தாவலில் மூன்று பதக்கங்களையும் ஜப்பானியரே பெற்றார்கள்.

பிறகு வந்த செழிப்பின் காலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 1982-ல் ஷின்கான்சென் அதிவேக ரயில் யுசாவாவைத் தொட்டது. 1990 டிசம்பரில் ரயில் நிலையத்துக்குள்ளிருந்தே கம்பிவட ஊர்தியில் ஏறி மலைக்குப் போகும்படியான காலா யுசாவா தலம் திறக்கப்பட்டது. நெல்வயல்கள் இருந்த இடத்தில் பல மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 1993 வாக்கில் பனியில் சறுக்கியவர்களின் தொகை சுமார் 1 கோடியே 80 லட்சத்தை எட்டிற்று என்று கணக்கிட்டார்கள். நிலத்தின் விலை சரிந்தபோது அத்தொகையும் சரிந்தது. யுசாவாவின் குடியிருப்புகளில் அநேகம், வாங்கிய விலையில் மிகச் சிறு பங்குக்கும் கேட்பாரின்றிக் கிடந்தன. ஹொக்கைடோவில் நிசெகோ மட்டும், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆஸ்திரேலியர்கள் அதன் மாவு போன்ற பனியை நாடி வந்தமையால், வேறொரு வாழ்வைப் பெற்றது. அங்கே சறுக்குகிறவர்களின் எதிரே நிற்கும் சிகரம், லெர்ஹ் ஏறிய அதே யோதேய்தான்.

என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்களுக்கு நான் நொசாவாவைத்தான் சொல்வேன். அங்கே பதின்மூன்று பொது நீராட்டு மண்டபங்கள் உள்ளன. அவற்றைப் பெருக்கிக் கழுவிப் பராமரிப்பதை அந்தந்தத் தெருவார் சங்கமாகச் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். வருகிறவர்கள் உண்டியலில் தங்களால் இயன்றதைப் போட்டுவிட்டு நீராடலாம். கொதிக்கும் ஓகாமா ஊற்றில் கிராமத்தார் கீரை வேகவைக்கிறார்கள்.

ஜனவரி 15-ஆம் தேதி இரவில் அங்கே எல்லைக் காவல் தெய்வமாகிய தோசோஜினுக்கு ஒரு நெருப்பு விழா நடக்கிறது. புங்க மரத்தைப்போல் ஓங்கி வளரும் பீச் மரங்களை முந்திய இலையுதிர் காலத்திலேயே வெட்டி வைத்து, விழாவுக்கு முன் ஊருக்குள் இழுத்து வந்து, ஆணியின்றிக் கட்டி உயர்ந்த மேடையொன்று எழுப்புவார்கள். நாற்பத்திரண்டாம் வயதில் நிற்கும் ஆடவர்கள் அதன் உச்சியில் அமர, இருபத்தைந்து வயதுடைய இளைஞர்கள் கீழே நின்று காக்க, மற்றக் கிராமத்தார் எரியும் பந்தங்களோடு அதைக் கொளுத்த மீண்டும் மீண்டும் பாய்ந்து வருகிறார்கள். காவலர் பைன் கிளைகளால் தீயை அடித்து அணைக்கிறார்கள். கடைசியில் மேலிருப்பவர்கள் இறங்கி வந்தபின் மேடை முழுவதும் தீக்கிரையாகிறது. பகலெல்லாம் சறுக்கிக் களைத்த அயலூரார் பனியில் நின்று அதைப் பார்க்கிறார்கள். மேடையைக் காத்து நிற்பவர்களில் பலர், காலையில் அவர்களுக்கு விடுதி வாசலில் சறுக்குக் கட்டைகளை எடுத்துக் கொடுத்தவர்களாகவே இருப்பார்கள்.