சிங்கப்பூர்க் கல்லறைகளும் கிறிஸ்தவர்களின் மறுமை நம்பிக்கையும்



எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திற்குப் பின்னால் உள்ள லயத்தில் ஒரு கிறிஸ்தவப் பாட்டி குடியிருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். இளமைக் காலமெல்லாம் பால்மரம் சீவியவர். ஒருநாள் மாலை, பேரனின் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணக்கைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"வாத்தியாரே, மகன் என்னைச் சிங்கப்பூருக்கே வந்து இருக்கச் சொல்றான். அங்க செத்தா, புதைச்ச இடம் பதினஞ்சு வருஷத்துக்குத்தானாம். அதனால எரிக்கிறதுதான் நல்லதுங்கிறான். எரிச்சுச் சாம்பலாக்கிட்டா, கடைசி நாள்ல நான் எப்படி எழும்புறது?"

பாட்டிக்கு இது வெறும் வாய்ப்பேச்சன்று. அவருடைய தகப்பனார் சிங்கப்பூரில் வேலை பார்த்து, 1960ஆம் ஆண்டுகளில் காலமாகி, பிடாடரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அந்தக் கல்லறை இன்று இல்லை. ஆகவே பாட்டியின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன: அப்பாவின் கதி என்ன, தம்முடைய கதி என்ன என்பவையே அவை. நான் எந்தச் சபைக்காகவும் பேச வரவில்லை. இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன சொல்கிறது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நம்பிக்கையைத் தெரிந்துகொள்வோம். நம் லயங்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போய் நிற்கிறோம். இந்துக்களில் பெரும்பாலோர், ஆன்மா உடலை விட்டு நீங்கி வினைக்கேற்ப மறுபடியும் பிறக்கிறது என்று நம்புகிறார்கள். கிறிஸ்தவர்களோ, மனிதனுக்குப் பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று என்கிறார்கள். அதற்குப் பின் நியாயத்தீர்ப்பு உண்டு. கடைசி நாளில் ஆத்துமா மட்டுமன்றி உடலும் உயிர்த்தெழும் என்பது அவர்களுடைய நம்பிக்கையின் நடுத்தூண். இயேசு கிறிஸ்து சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் எழுந்தார் என்று நம்புகிறவர்கள், தாங்களும் அவ்வாறே எழுவோம் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இதனால்தான் அவர்கள் மரணத்தை உறக்கம் என்று சொல்லுகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களின் கல்லறைகளில் 'நித்திரையடைந்தார்' என்று பொறித்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமிட்டரி' என்ற சொல்லும், 'உறங்கும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே ஆகும்.

இறப்புக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி எல்லாச் சபைகளும் ஒரே விதமாகப் போதிப்பதில்லை. மோட்சத்திற்குப் போக வேண்டிய ஆத்துமாக்கள் சில, அதற்கு முன் தூய்மை பெறும் நிலை ஒன்று உண்டு என்பது கத்தோலிக்கர் போதனை. 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1274இல் லியோன் நகரிலும், 1439இல் புளோரன்சிலும், 1563இல் திரெந்து நகரிலும் கூடிய சங்கங்கள் அப்போதனையை உறுதி செய்தன. அதனால் கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கிறார்கள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி, பூத்தூவி வேண்டுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரிந்த சீர்திருத்தச் சபைகள் இதை ஏற்கவில்லை. இறந்தவர் கடவுளின் கையில் இருக்கிறார்; அவருக்காக நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்பது அவர்கள் கருத்து. ஆயினும் உயிர்த்தெழுதல் என்ற இடத்தில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். ஆங்கிலேயர் அங்கே 1819இல் கால் வைத்தனர். இன்று ஃபோர்ட் கேனிங் என வழங்கும் குன்றின் சரிவில் 1822 முதல் 1865 வரை கிறிஸ்தவர்களை அடக்கம் செய்தார்கள். அந்த இடம் நிரம்பியதும் புக்கிட் தீமா சாலையில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்த வட்டாரத்தில், 1865இல் இன்னொரு கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. நம்மவர்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே இருந்த தோட்டம் அது. 1907இல் அதுவும் நிரம்பியது. 1908ஆம் ஆண்டு பிறந்தபோது பிடாடரி திறக்கப்பட்டது.

பிடாடரி என்பது மலாய்ச் சொல். தேவதை என்று பொருள். வடமொழியின் 'வித்யாதரி' என்ற சொல்லே கடல் கடந்து அப்படி மாறியது என்பர். ஜோகூர் சுல்தான் குடும்பத்தைச் சேர்ந்த அரண்மனை ஒன்றின் பெயர், பிறகு அந்த நிலத்திற்கே பெயராகி நின்றது. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து ஆகிய மூன்று சமயத்தவருக்கும் அங்கே இடம் இருந்தது.

அக்காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களும் தேக்காவைச் சுற்றி வேரூன்றி இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் அவை. ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து மாதா கோவில், சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்ட முதல் கோவில் ஆகும். 2005இல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. மெதடிஸ்ட் தமிழருக்கு ஷார்ட் ஸ்ட்ரீட்டிலும், ஆங்கிலிக்கன் தமிழருக்கு டோர்செட் சாலையிலும் ஆலயங்கள் அமைந்தன. இந்த ஆலயங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பலர் பிடாடரியில் உறங்கினார்கள். நம் பாட்டியின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர்.

ஆனால் சிங்கப்பூர் சிறிய தீவு. கடலைத் தூர்த்து நிலத்தைப் பெருக்கிய பிறகும் அதன் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், சாலை வேண்டும். ஆகவே இறந்தவர்கள் இருப்பவர்களுக்கு இடம் விட வேண்டியதாயிற்று. ஃபோர்ட் கேனிங் கல்லறைகள் அகற்றப்பட்டு, கல்வெட்டுகளில் பல சுவரில் பதிக்கப்பட்டன. அவற்றை இன்றும் அங்கே படிக்கலாம். புக்கிட் தீமா சாலைக் கல்லறைத் தோட்டம் 1970ஆம் ஆண்டுகளில் கம்போங் ஜாவா பூங்கா ஆயிற்று. பிடாடரியில் 1972இல் அடக்கம் நிறுத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் தோண்டும் பணி தொடங்கியது. சுமார் 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும், 68,000 முஸ்லிம் கல்லறைகளும் தோண்டி எடுக்கப்பட்டன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. சில கல்லறைக் கற்களை வைத்து ஒரு சிறு நினைவுத் தோட்டம் மட்டும் அமைத்திருக்கிறார்கள்.

இப்போது புதிதாக அடக்கம் செய்யும் இடம் சுவா சூ காங் ஒன்றுதான். 1998இல் வந்த விதிப்படி ஒரு குழிக்குப் பதினைந்து ஆண்டுகளே தவணை. அதன் பிறகு தோண்டி எடுத்து, சமயம் அனுமதித்தால் எரித்து அஸ்தி மாடத்தில் வைக்கலாம். அனுமதிக்காத சமயத்தவருக்குச் சிறிய குழியில் மறு அடக்கம் உண்டு.

கிறிஸ்தவ சமயம் எரிப்பதை அனுமதிக்கிறதா? நேயர்களே, இங்கேதான் வரலாறு திரும்புகிறது. வெகுகாலம் அனுமதிக்கவில்லை. 785ஆம் ஆண்டளவில் சார்லிமேன் என்ற பேரரசர், தாம் வென்ற சாக்சன் மக்களிடையே பிணத்தை எரிப்பவருக்கு மரண தண்டனை என்றே சட்டம் போட்டார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிலர், உயிர்த்தெழுதலை மறுப்பதற்கென்றே உடலை எரிக்கச் சொன்னார்கள். அதனால் 1886இல் ரோமாபுரி எரிப்பதற்குத் தடை விதித்தது. சீர்திருத்தச் சபைகளில் தடை முன்னதாகவே தளர்ந்தது; 1944இல் மறைந்த காண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளின் உடலே தகனம் செய்யப்பட்டது. 1963இல் ரோமாபுரியும் தடையை நீக்கியது. உயிர்த்தெழுதலை மறுக்கும் எண்ணத்தோடு செய்யாதவரை, எரிப்பது நம்பிக்கைக்கு விரோதமன்று என்று அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான், அதாவது 1962இல், பிடாடரிக்குப் பக்கத்திலேயே மவுண்ட் வெர்னன் தகனச் சாலை திறக்கப்பட்டிருந்தது. 1982இல் மண்டாய் தகனச் சாலை வந்தது. புக்கிட் பாத்தோக்கிலுள்ள புனித மரியன்னை ஆலயம் போன்ற கோவில்களில் அஸ்தி மாடங்களும் அமைந்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016இல் ரோமாபுரி வெளியிட்ட அறிவுரை, அடக்கம் செய்வதையே இன்னமும் விரும்புவதாகச் சொல்கிறது. எரித்தால் சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவாமல், புனிதமான ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. இறந்தவரை நினைத்து வேண்டுவதற்கு ஓரிடமும் ஒரு பெயரும் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். சாம்பலானவர் எப்படி எழுவார்? இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.பி. 177இல், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் அத்துடன் விடவில்லை. 'இவர்கள் எழுவோம் என்றல்லவா நம்புகிறார்கள், பார்ப்போம்' என்று உடல்களை எரித்து, சாம்பலை ரோன் நதியில் கரைத்துவிட்டார்கள். அதனால் நம்பிக்கை அழிந்ததா? இல்லை. மண்ணிலிருந்து மனிதனைப் படைத்தவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கடினமா என்பதே அன்று முதல் கிறிஸ்தவர்கள் சொல்லும் விடை. புதைத்த உடலும் சில ஆண்டுகளில் மண்ணாகிறது. தீ அதைச் சில மணி நேரத்தில் செய்துவிடுகிறது, அவ்வளவுதான். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில், இறந்த உடலை விதைக்கு ஒப்பிடுகிறார். தோட்டத்து மக்களுக்கு இது விளங்காதா? பால்மரத்துக் கொட்டை வெடித்து விழுகிறது. மண்ணில் கிடந்து மக்குகிறது. முளைத்து வருவது கொட்டையன்று, மரம்.

இவற்றையெல்லாம் பாட்டியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. விதையையும் நதியையும் மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பாவோட எலும்பைத் தம்பி வீட்டுக்காரங்க எடுத்து, எரிச்சு, மாடத்துல வெச்சிருக்காங்க. நான் போய்ப் பார்க்கவே இல்ல. பாவம் செஞ்சுட்டாங்கன்னு நெனச்சிருந்தேன்" என்றார். அடுத்த மாதமே மகனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கல்லில் அப்பாவின் பெயர் தமிழில் இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் அமைதியைக் கண்டேன். தம் சாவைப் பற்றிய முடிவை மகனிடமே விட்டுவிட்டார்.

நேயர்களே, நம் தோட்டங்களும் கைமாறுகின்றன. மரம் போய் வீடுகள் வருகின்றன. தோட்டத்து மூலையிலுள்ள இடுகாடும் ஒருநாள் போகலாம். ஆகவே இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அங்கே உறங்கும் நம்மவர்களின் பெயர், ஊர், இறந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கல்லில் எழுத்து அழிந்திருந்தால் லயத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். இடம் மாறும் நாள் வந்தால், யாரைத் தேடி எடுக்க வேண்டும் என்பதை அந்த நோட்டுப் புத்தகம் சொல்லும்.