ஹெபடைடிஸ் பி: பல வருஷம் சாப்பிட்ட மாத்திரையை மாற்றச் சொல்வது ஏன்?

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பதுங்கிக்கொள்ளும். இப்போதுள்ள மாத்திரைகள் அதை அடக்கி வைக்குமே தவிர, அடியோடு ஒழிப்பது அபூர்வம். அதனால்தான் பலருக்கு வருஷக்கணக்கில் சிகிச்சை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்துறாங்க?" என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது.

ஒரு காரணம், மருந்துக்கு வைரஸ் பழகிப்போவது. லாமிவுடின் மாத்திரையை மட்டும் 5 வருஷம் எடுத்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இப்படி ஆனது. இவர்களை டெனோஃபோவிருக்கு மாற்றுவார்கள். என்டெகாவிர் சரிப்படாது, லாமிவுடினுக்கு அடங்காத வைரஸ், அதையும் எதிர்க்கப் பாதி தயாராகியிருக்கும்.

இன்னொன்று, சிறுநீரகமும் எலும்பும். பழைய வகை டெனோஃபோவிர் (டிடிஎஃப், 300 மி.கி.) சிலருக்கு இரண்டையும் பாதிக்கும். கிரியாட்டினின் ஏறினால் 'டாஃப்' என்ற புதிய வகைக்கோ, லாமிவுடின் எடுக்காதவர் என்றால் என்டெகாவிருக்கோ மாற்றுவது வழக்கம். டாஃப் 25 மி.கி.தான். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மெடிக்கலில் மி.கி. பார்த்து வாங்கணும்.

டாஃப் சாப்பாட்டோடு எடுக்கணும். என்டெகாவிர் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு.

பெரிய ஆபத்து, நடுவில் விடும் இடைவெளிதான். புது மாத்திரை கைக்கு வரும் முன் பழையதை நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பும். கல்லீரல் அழற்சி திடீரென ஏறும். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. மாற்றிய பிறகு சில மாதங்களில் வைரல் லோடு, எஸ்ஜிபிடி, கிரியாட்டினின் மூன்றையும் மறுபடி பார்ப்பார்கள்.