நோற்க இயலாதோரின் நோன்பு: ஃபித்யாவின் வரலாறு

சிற்றூர்ச் சபையொன்றில் நான் போதகப் பணியாற்றிய காலத்தில், லெந்து கால உபவாசக் கூடுகைக்குத் தவறாது வந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் ஓராண்டு வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். "எனக்குச் சர்க்கரை வியாதி. பட்டினி கிடக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து உபவாசிக்கிறவர்கள் நடுவில் உட்கார வெட்கமாயிருக்கிறது, ஐயா" என்றார். ஆறுதலாகச் சில வார்த்தைகள் கூறி ஜெபித்துத் திரும்பினேன். ஆயினும், நோற்க இயலாதவருக்கு நோன்பில் என்ன பங்கு உண்டு என்னும் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

இதே கேள்வியை இஸ்லாமியச் சமுதாயம் தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. அது கண்ட விடை ‘ஃபித்யா’ எனப்படும். நோற்க இயலாதவர் ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிப்பதே ஃபித்யா. பணங்கொடுத்து நோன்பிலிருந்து விலகிக்கொள்ளும் வழி என்றே நம்மில் பலர் இதனை எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் சரியானதா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் வசனமும்

ஃபித்யா என்னும் அரபுச் சொல் மீட்புப் பொருள் அல்லது ஈடு எனப் பொருள்படும். தலையீற்றை மீட்பதைப் பற்றி யாத்திராகமம் 13ஆம் அதிகாரம் கூறுமிடத்தில் வரும் ‘பாதா’ என்னும் எபிரேய வினைச்சொல்லும் இதுவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஆபிரகாமின் மகனுக்கு ஈடாகப் பலி அளிக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் (37:107) கூறும்போதும் இவ்வேர்ச்சொல்லே ஆளப்படுகிறது. ஆகவே இது வணிகச் சந்தைக்குரிய சொல்லன்று. செமித்திய மக்களின் வழிபாட்டு மொழியில் ஆழ வேரூன்றிய சொல் எனலாம்.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், மதீனாவில் கடமையாக்கப்பட்டது. இதற்குரிய விதிகள் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 185 வரையுள்ள வசனங்களில் காணப்படுகின்றன. நோயுற்றோரும் பயணத்திலிருப்போரும் விடுபட்ட நாட்களைப் பின்னர் நோற்க வேண்டும் என்று கூறும் 184ஆம் வசனம், மற்றொரு பிரிவினருக்கு ஏழைக்கு உணவளித்தலை ஈடாக விதிக்கிறது. அப்பிரிவினர் யாவர்? அங்கு வரும் வினைச்சொல் ‘ஆற்றலுடையோர்’ என்றும் ‘மிகுந்த சிரமத்துடன் மட்டுமே இயலுவோர்’ என்றும் கொள்ளத்தக்கதாக இருப்பதால் தொடக்கத்திலேயே இரு விளக்கங்கள் தோன்றின.

நபித்தோழர் ஸலமா இப்னு அல்-அக்வஃ என்பாரின் கூற்றுப்படி, முதலில் நோற்க ஆற்றலுடையோருக்கும் இவ்விருப்பத் தேர்வு இருந்தது; விரும்பியோர் நோற்றனர், விரும்பாதோர் ஏழைக்கு உணவளித்தனர். அடுத்த வசனம் அருளப்பட்டபோது இச்சலுகை நீக்கப்பட்டது. இப்னு அப்பாஸ் இதனை ஏற்கவில்லை. வசனம் நீக்கப்படவில்லை என்றும், அது நோற்க இயலாத முதியவருக்கும் மூதாட்டிக்கும் உரியது என்றும் அவர் விளக்கினார். இவ்விரு கூற்றுகளையும் புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலேயே காணலாம்.

இவ்வேறுபாடு இலக்கணப் பூசல் மட்டுமன்று. எவ்விளக்கத்தைக் கொண்டாலும், ஆற்றலுடைய செல்வன் ஏழைக்கு உணவளித்துவிட்டுத் தான் உண்டு களித்திருக்க வழியில்லை என்பது உறுதியாயிற்று. ஃபித்யா இயலாதவருக்கே உரியது என்னும் வரம்பு இவ்வாறு நிலைபெற்றது.

பஸ்ராவில் ஒரு பந்தி

நடைமுறையில் இது எவ்வாறு விளங்கிற்று என்பதற்குச் சிறந்த சான்று அனஸ் இப்னு மாலிக். இளமையில் நபிகள் நாயகத்திற்குப் பணிவிடை செய்த இவர், பிற்காலத்தில் பஸ்ரா நகரில் குடியேறி முதிர்வயது வரை வாழ்ந்தார். நோற்க வலுவற்றுப்போன இறுதிக் காலத்தில், ஓரிரு ஆண்டுகள், நாளொன்றுக்கு ஓர் ஏழை வீதம் ரொட்டியும் இறைச்சியும் உண்ணக் கொடுத்தார் என்று புகாரி பதிவு செய்கிறார். முப்பது ஏழைகளை ஒருசேர அழைத்து அவர் உணவளித்ததாகவும் செய்தி உண்டு. தம் பசியைக் கொடுக்க இயலாத முதியவர், பிறர் பசியைத் தீர்த்தார்.

சட்ட அறிஞர் வகுத்த அளவு

பின்வந்த சட்ட அறிஞர்கள் இவ்வழக்கத்திற்குத் திட்டமான அளவு வகுத்தனர். ஷாஃபி பள்ளியினர் நாளொன்றுக்கு ஒரு ‘முத்’ அளவு அந்நாட்டின் முதன்மைத் தானியத்தைக் கொடுக்க வேண்டும் என்றனர். நடுத்தர ஆளொருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத். நான்கு முத் கொண்டது ஒரு ‘ஸாஉ’. ஹனஃபி பள்ளியினர் அரை ஸாஉ கோதுமை, அல்லது ஒரு ஸாஉ பேரீச்சம்பழமோ வாற்கோதுமையோ கொடுக்கச் சொல்லி, அவற்றின் விலையைப் பணமாகத் தரவும் இடமளித்தனர். மதீனாவின் இமாம் மாலிக் (இறப்பு 795) முதியவர்மீது இது கட்டாயமன்று என்றும், இயன்றால் செய்வது விரும்பத்தக்கது என்றும் கருதினார்.

தமிழ் முஸ்லிம்களிடையிலும் இவ்விரு பள்ளிகளும் வழங்குகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மரபும், உள்நாட்டு ராவுத்தர் சமுதாயத்தில் ஹனஃபி மரபும் பெரிதும் பின்பற்றப்படுகின்றன.

யாருக்கு எது என்பதிலும் அறிஞர்கள் நுட்பம் காட்டினர். குணமாகக்கூடிய நோயாளி பின்னர் நோற்க வேண்டும். குணமாக வாய்ப்பில்லாதவரும் தள்ளாத முதியவருமே ஃபித்யாவுக்கு உரியவர். ஃபித்யா கொடுத்தவர் பின்னர் வலிமை பெற்றால் விடுபட்ட நாட்களை நோற்க வேண்டும் என்பது ஹனஃபி பள்ளியின் முடிவு. கருவுற்ற பெண்களையும் பாலூட்டும் தாய்மாரையும் பற்றிப் பள்ளிகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. உணவளிக்கவும் வகையற்ற ஏழை முதியவரோ இறைவனிடம் மன்னிப்பு வேண்டினால் போதும். ஆட்டுக்குட்டிக்கு வகையற்றவன் இரு பறவைகளையும், அதற்கும் வகையற்றவன் ஒரு பங்கு மாவையும் கொண்டுவரலாம் என்னும் லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு இப்போக்கு அந்நியமாகத் தோன்றாது.

நம் வரலாற்றின் நினைவு

ஆயினும் சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு இங்கே ஒரு தயக்கம் எழுவது இயல்பே. பிரான்சு நாட்டின் ரூவான் பேராலயத்தில் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றொரு கோபுரம் உண்டு. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் செலுத்திய பணம் அதன் கட்டுமானத்திற்கு உதவியதால் வந்த பெயர் அது. இத்தகைய அனுமதி வணிகத்தை லூத்தர் 1520இல் கடுமையாகச் சாடினார். 1522இல் சூரிச்சில், தவக்காலத்தில் இறைச்சி உண்டோருக்கு ஆதரவாகச் சுவிங்லி பிரசங்கித்தார். இந்நினைவு நமக்குள் இருப்பதால், ஈடு என்ற சொல்லைக் கேட்டவுடன் விலை என்று கொள்கிறோம்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ரூவானில் பணம் கோபுரமாயிற்று. பஸ்ராவில் உணவு ஏழையின் வயிற்றைச் சென்றடைந்தது. முன்னதில் இயன்றவர் சலுகை பெற்றார். பின்னதில் இயலாதவர் பங்கு பெற்றார். மேலும், நம் முன்னோரும் இவ்வழியை அறியாதவரல்லர். உபவாச நாளில் மிச்சப்படும் உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்குமாறு இரண்டாம் நூற்றாண்டின் ‘எர்மாவின் மேய்ப்பன்’ கற்பிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகரப் பேராயர் செசாரியு, உபவாசிக்க இயலாதவருக்குத் தருமமே போதுமென்று பிரசங்கித்தார். பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதே தேவன் உகந்த உபவாசம் என்னும் ஏசாயா 58ஆம் அதிகாரம் இவர்கள் எல்லாருக்கும் முற்பட்டது.

நம் போதனைக்கும் இஸ்லாமியப் போதனைக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. நாம் உபவாசத்தையும் தருமத்தையும் கிருபைக்கு மறுமொழியாகக் காண்கிறோம். கடமையின் ஈடாகக் காண்பதில்லை. ஃபித்யாவும் தன் இடர்களினின்று விடுபட்டதன்று. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் போன்ற அமைப்புகள் ஆண்டுதோறும் ஃபித்யா தொகையை அறிவிக்கின்றன. இதனால் முறைமையும் எளிமையும் உண்டாகின்றன. எனினும் கொடுப்பவர் உண்பவரின் முகத்தைக் காணாமலே போகவும் கூடும். நம் காணிக்கைப் பைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இவ்வரலாற்றினின்று நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. இயலாதவருக்கு விலக்களிப்பது எளிது. ஆனால் விலக்கு மட்டுமே அளிக்கும்போது அவரைச் சமுதாயத்தின் வெளியே நிறுத்திவிடுகிறோம். ஃபித்யா அவருக்கு விலக்கோடு ஒரு வேலையையும் தந்தது; முப்பது நாட்களும் அவர் வாசலில் ஒருவர் உண்டு செல்ல வழிசெய்தது. அன்று நான் அம்மூதாட்டியிடம் விலக்கை மட்டுமே கூறினேன். "அம்மா, உங்கள் ஒருவேளைச் சோற்றோடு இன்னொருவருக்கும் சேர்த்து உலை வையுங்கள், அவருக்குப் பரிமாறிவிட்டுக் கூடுகைக்கு வந்து எங்களோடு உட்காருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். வருகிற லெந்து காலத்தில் நம் சபைகளில் அவரைப் போன்றோர் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர் என்பதைப் போதகர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.