இருள் இசையின் மீள்வரவு

சில பெயர்கள் தமக்கு உரியவர்களைக் காட்டிலும் நெடுநாள் வாழ்கின்றன. ‘கோத்’ என்பது அத்தகைய பெயர். கி.பி. 410-இல் அலாரிக் என்னும் தலைவனின் கீழ் ரோமாபுரியைச் சூறையாடிய கூட்டத்தாரின் இனப்பெயர் அது. ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் இத்தாலிய மறுமலர்ச்சி அறிஞர்கள், முந்திய காலத்துக் கூர்வளைவுத் தேவாலயங்களை இகழ அதனை வசைச்சொல்லாக வழங்கினர். 1764-இல் ஹொரேஸ் வால்போல் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்னும் நாவல், தன் இரண்டாம் பதிப்பில் ‘கோதிக் கதை’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. அதுமுதல் பாழ்மண்டபமும் நள்ளிரவும் மரணமும் உலவும் இலக்கியத்துக்கு அதுவே பெயராயிற்று. ஆகவே, 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்த ஓர் இருண்ட இசைவகையையும் அப்பெயர் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

அந்நாளில் ‘பங்க்’ இசையின் ஆரவாரம் அடங்கத் தொடங்கியிருந்தது. கோபம் தணிந்த இடத்தில் துயரம் வந்தமர்ந்தது. தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிதார் முன்னே வந்தது; பாடுவோரும் கேட்போரும் கறுப்பு உடையும் வெளிறிய முகப்பூச்சும் அணிந்தனர். நார்தாம்டன் நகரத்துப் பௌஹவுஸ் குழு 1979-இல் வெளியிட்ட, ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் நீளும் பாட்டு ஒன்றே இவ்வகைக்கு முதல்நூல் எனப் பலர் கருதுவர்.

இவ்வகையோடு சேர்த்து எண்ணப்படும் குழுக்களுள் நெடிது நிலைத்தது ‘தி க்யூர்’. சஸெக்ஸ் பகுதியிலுள்ள கிராலி என்னும் ஊரின் பள்ளித் தோழர்கள் கூடி அமைத்த குழு அது. அதன் தலைவர் ராபர்ட் ஸ்மித் 1959-இல் பிறந்தவர். ‘கோத்’ என்ற முத்திரையை அவர் பலமுறை மறுத்திருக்கிறார். முத்திரையோ அவரை விடவில்லை. 1980 முதல் 1982 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்த மூன்று இசைத்தொகுப்புகள் படிப்படியாக இருண்டுகொண்டே சென்றன. மூன்றாவதற்குப்பின் குழுவே பிளவுற்றது. மீண்டும் திரண்டு, 1989-இல் ‘டிஸின்டகிரேஷன்’ என்னும் தொகுப்பை அளித்தனர். 1992-இல் ‘விஷ்’ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 2008-க்குப்பின் புதிய தொகுப்பு ஏதும் வரவில்லை. மேடைகள் இருந்தன, பழைய பாடல்கள் ஒலித்தன, புதிய சொல் மட்டும் பிறக்கவில்லை.

2022 அக்டோபரில் லாட்வியாவின் ரீகா நகரில் தொடங்கிய இசைப்பயணத்தில், இன்னும் வெளிவராத பாடல் ஒன்றுடன் அவர்கள் நிகழ்ச்சியைத் தொடங்கினர். 2023-இல் வட அமெரிக்காவில் நுழைவுச்சீட்டின் விலையைத் தாழ்வாக வைக்க முயன்றனர். சில இடங்களில் சீட்டின் விலையையும் விஞ்சுமளவு கட்டணம் சேர்க்கப்பட்டபோது ஸ்மித் வெளிப்படையாகக் கண்டித்தார். கட்டணத்தில் ஒரு பகுதி ரசிகர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. 2024 நவம்பர் 1-ஆம் நாள், பதினாறு ஆண்டு இடைவெளிக்குப்பின், எட்டுப் பாடல்கள் கொண்ட ‘சாங்ஸ் ஆப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ வெளிவந்தது. அன்றிரவே லண்டன் டிராக்ஸி அரங்கில் அதனை முழுவதும் இசைத்தனர். ‘விஷ்’ தொகுப்புக்குப்பின் முதன்முறையாகப் பிரிட்டனின் முதலிடம் அவர்களைத் தேடி வந்தது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இருபது வயதில் மரணத்தைப் பாடுவது எளிது. அது அப்போது கற்பனை. அறுபதைக் கடந்தபின் அது வீட்டுக்குள் வந்துவிட்ட செய்தி. புதிய தொகுப்பின் பாடல் ஒன்று ஸ்மித்தின் தமையனது மறைவைப் பற்றியது. இறுதிப் பாடலோ, 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய நாளில் தந்தையின் அருகே நின்று வானத்தைப் பார்த்த பத்து வயதுச் சிறுவனின் நினைவிலிருந்து எழுந்தது. முன்பு வேடம்போலத் தோன்றிய கறுப்பு உடை, இப்போது உண்மையான துக்க உடையாகிவிட்டது.

பிறந்த ஊரைவிட்டு அயலூரில் வாழும் நாம், விடுமுறையில் திரும்பிச் செல்லும்போது தெரு இருக்கும். திண்ணையில் அமர்ந்திருந்தவர் இருக்கமாட்டார். இழந்த உலகம் என்பது என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அதை மீட்க முடியாது என்றறிந்தும் அதனைப் பாடுவதற்காகத் திரும்பி வருதலே இம்முதிய கலைஞர்களின் மீள்வரவுக்குப் பொருள் என்று நாம் கொள்ளலாம்.